கதாநாயகனின் கண்ணீர்

தமிழ்த் திரையின் ஆண்மகன் மாறிவிட்டான் என்று மகிழ்வோர் உளர். அவன் இப்போது அழுகிறானாம்; அதுவே சான்றாம். அழுகை புதிதன்று. 1961இல் வெளிவந்த 'பாசமலர்' படத்தில் சிவாஜி கணேசன் தங்கைக்காக அழுதார். அரங்கமும் உடன் அழுதது. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அவன் அதிகாரத்தைக் கைவிட்டானா?

1992இல் வந்த 'மன்னன்' படத்தை எடுத்துக்கொள்வோம். ரஜினிகாந்த் தொழிற்சங்கத் தலைவர். விஜயசாந்தி ஆலை முதலாளி. உழைப்புக்கும் மூலதனத்துக்கும் போராட்டம் என்றெண்ணி நிமிர்ந்து உட்காருகிறோம். முடிவில் நிகழ்வது என்ன? அவள் ஆலைப் பொறுப்பை விட்டு இல்லத்தரசியாகிறாள். முதலாளித்துவத்தின் மேல் ஒரு கீறலும் விழவில்லை. பெண் மட்டும் அடங்கிவிட்டாள்!

முப்பதாண்டு கழித்து, 2023இல் 'ஜெயிலர்'. ஓய்வுபெற்றவர், பேரனுடன் விளையாடும் சாதுவான தாத்தா. நல்ல மாற்றந்தான் என்று நினைக்கும் வேளையில் பழைய சிறையதிகாரி வெளிப்படுகிறார், தலைகள் உருளுகின்றன, கரவொலி அப்போதுதான் எழுகிறது. 1995இன் 'பாட்சா'வில் ஆட்டோ ஓட்டியவரும் இவரே. மென்மை வெறும் வேஷம். கலையும்போதே அதற்கு மதிப்பு.

2024இல் பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' இவ்வழியிற் செல்லவில்லை. தன்னை அன்பால் மூழ்கடிக்கும் உறவினனின் பெயர் நினைவுக்கு வராமல் ஒருவன் வெட்கிக் குமைகிறான். அவ்வளவே கதை. உறையிலிருந்து கத்தி எதுவும் வரவில்லை. (பெண்களுக்கு அதிலும் இடம் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

சல்லியிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின், கடலுக்கு அஞ்சாத ஆண்கள் இக்கரை மணலில் அமர்ந்து வாய்விட்டழுததைச் சிறுபிராயத்திற் கண்டவர்கள் நாம். அவர்களை எவரும் இகழவில்லை. 2009இல் போர் முடிந்தபோது கிழக்கில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தனித்துத் தாங்கி நின்றார்கள். அத்தகைய ஒரு தாயின் உழைப்பிற் படிக்கும் மாணவன், வகுப்பில் அழுத தோழனைப் பார்த்து, "நீயென்ன பொம்பிளைப் பிள்ளையோ?" என்று நகைத்தான். வீட்டில் அவன் காணாத ஆண்மையைத் திரை கற்றுக்கொடுத்திருக்கிறது என்று நமக்குச் சினம் மூண்டது.

கண்டிக்க வாயெடுத்தோம். முதல் வாரந்தான், விளையாட்டுத் திடலில் முழங்கால் உரிந்து விம்மிநின்ற ஒரு சிறுவனிடம், "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று நாமே கேட்டிருந்தோம்.