புள்ளிக்கோட்டுக்கு வெளியே

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். ஒன்று, "எவ்வளவு செலவாகும்?" இன்னொன்று, "பாவம் இல்லையா?" முதல் கேள்விக்கு என்னிடம் ஓர் எக்செல் தாள் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் 'பாவம்' ஒரு விசித்திரமான சொல். "ஐயோ பாவம்" என்றால் மீன் மேல் இரக்கம். "பாவம் பண்ணாதே" என்றால் குற்றம் நம் மேல். கேட்பவர் எந்தப் பாவத்தைச் சொல்கிறார் என்று பல நேரம் அவருக்கே தெரிவதில்லை. எனக்கு இவை இரண்டும் வேறு வேறு கேள்விகளாகப் படுகின்றன. தொட்டிக்குள் மீன் கஷ்டப்படுகிறதா என்பது ஒன்று. அது கஷ்டப்படாவிட்டாலும் நான் செய்வது சரிதானா என்பது இன்னொன்று.

முதலில் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நன்னீர் மீன் மாதிரி சனிக்கிழமை கடைக்குப் போய், பிளாஸ்டிக் பையில் வாங்கிவந்து, சாயங்காலமே விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. நான் திட்டமிட்டது ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 560 லிட்டர். 12 மில்லிமீட்டர் கண்ணாடி, பாறைகள், தாங்கும் மேசை, மேசைக்குள் இருக்கும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் 900 கிலோ வந்துவிடும். ஹாலில் ஓர் அக்சியா காரை நிறுத்துவது போல. குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். அது தளம் முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு. 151வது கிலோவில் வீடு இடிந்துவிடாது. ஆனாலும் பீம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் இதை வைக்கக் கூடாது. கீழ் வீட்டிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து தண்ணீர். ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மொத்தம் கிட்டத்தட்ட 20 கிலோ. குழாய்த் தண்ணீர் ஆகாது, சவ்வு வழியாக வடிகட்டிய தண்ணீர் வேண்டும். இப்படி ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று நான்கு லிட்டர் சாக்கடைக்குப் போகும். ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். அதனால் தினமும் குறைகிற அளவுக்கு நன்னீர் ஊற்றாவிட்டால் தொட்டி மெல்ல மெல்லக் கரிக்கத் தொடங்கும். வெப்பநிலை 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். ஜொகூரில் மத்தியான வீடு 30 டிகிரியைத் தாண்டும். ஆகவே தண்ணீரைக் குளிரூட்ட ஒரு சில்லர்.

எல்லாம் தயாரானாலும் மீன் விட முடியாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் நச்சு இன்னும் கூடும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது ஓரளவு தாங்கக்கூடியது. இந்த இரண்டு கூட்டமும் பாறை இடுக்குகளில் குடியேறிப் பெருகும்வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். அந்த நாள்களில் வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு, அம்மோனியா சொட்டுவிட்டு, அளந்து அளந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சொல்லப்போனால், கடல் சும்மா செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக நம் தலையில் வாங்கிக்கொள்கிறோம். நீரோட்டத்துக்குப் பம்ப். சூரியனுக்கு எல்இடி. அலை நுரையாகக் கரையில் ஒதுக்கித் தள்ளும் அழுக்குக்கு ஸ்கிம்மர். கடலின் பிரம்மாண்டத்துக்கு மட்டும் மாற்றுக் கருவி கிடையாது.

இங்கே என் படிப்பு குறுக்கே வருகிறது. ஸ்கூடாயில் வெப்ப இயக்கவியல் படித்தபோது ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்தது ஒரு கோடு போட. எதை ஆராய்கிறோமோ அதைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு. உள்ளே இருப்பது அமைப்பு, வெளியே இருப்பது சுற்றுப்புறம். கோட்டைத் தாண்டி என்ன போகிறது, என்ன வருகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் விடை அதைப் பொறுத்து மாறும். சில்லரைச் சுற்றாமல் தொட்டியை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் தண்ணீர் குளிர்கிறது. அறையைச் சுற்றிப் போட்டால் அறை சூடாகிறது. தண்ணீரிலிருந்து பிடுங்கிய வெப்பமும் மோட்டார் தின்ற மின்சாரமும் சேர்ந்து அறைக்குள்தான் கொட்டுகின்றன. அதைச் சமாளிக்க ஏர்கான் போட்டால் வெப்பம் வெளியே, தெருவுக்கு. வெப்பம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. வேலையில் நான் பார்ப்பதும் கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளைத்தான். அதனால் இந்தக் கோடு எனக்குப் பாடப்புத்தகத்தோடு முடிந்துபோன விஷயம் இல்லை.

மீன் தொட்டி பற்றிய வழக்கமான விவாதத்தைக் கவனித்தால் இரண்டு தரப்பும் கோட்டைக் கண்ணாடியிலேயே போட்டுவிடுவது தெரியும். ஒருவர் சொல்வார், "கடல்ல இருந்தா பெரிய மீன் தின்னுடும். இங்க வேளாவேளைக்குச் சாப்பாடு, நோய் வந்தா மருந்து." இன்னொருவர் சொல்வார், "ஆனா அதுக்குச் சுதந்திரம் இல்லையே." இருவரும் பேசுவது கண்ணாடிக்குள் இருக்கும் மீனைப் பற்றி. அந்தப் பேச்சு அவசியம்தான். மீனுக்கு வலி உண்டா என்ற கேள்வியை இன்று சிரித்துத் தள்ளிவிட முடியாது. 2003இல் லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் டிரவுட் மீன்களின் தலைப்பகுதியில் வலி உணரும் நரம்பு ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 'கிளீனர் ராஸ்' என்ற விரல் நீளத் துப்புரவு மீன் கண்ணாடியில் தன் உடம்பில் இருந்த குறியைப் பார்த்துவிட்டு அதைத் தேய்த்து நீக்க முயன்றது. அது தன்னை அறிந்ததா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்கு அந்த விவாதமே போதும், கவனமாக இருக்க.

ஆனால் கண்ணாடிக்குள் மட்டும் பார்த்தால் பதில் சுலபமாகிவிடுகிறது. நல்ல தொட்டி, பெரிய தொட்டி, நிலையான தண்ணீர். இவை இருந்தால் மனசாட்சி தூங்கப் போய்விடும். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால்தான் அது முழித்துக்கொள்கிறது.

பங்காய் கார்டினல் என்றொரு மீன். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகள், வெள்ளைப் புள்ளிகள். இயற்கையாக அது வாழ்வது சுலாவெசிக்குக் கிழக்கே, பங்காய் தீவுகளைச் சுற்றி மட்டும்தான். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும்; குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வேறு தீவுக்குப் போகாமல் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஓர் இடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால் வேறெங்கிருந்தோ வந்து நிரம்பாது. 1990களில் தொட்டி ஆர்வலர்களுக்கு இந்த மீன் அறிமுகமானது. அதன் பிறகு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பிடித்தார்கள். 2007இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக ஐயுசிஎன் பட்டியலில் வந்துவிட்டது. அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் கொடுமைக்காரர்கள் இல்லை. நன்றாகத்தான் வளர்த்திருப்பார்கள். அவர்கள் கண்ணாடிக்குள் எல்லாம் சரியாக இருந்தது.

பிடிக்கும் முறையும் இருக்கிறது. 1960களில் பிலிப்பீன்ஸில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவியது சயனைடு. பாட்டிலில் கரைத்துப் பவள இடுக்கில் பீய்ச்சினால் மீன் மயங்கி வெளியே வரும். பவளமும் அருகிலிருக்கும் சின்ன உயிர்களும் சாகும். மயங்கிய மீன் கடைக்கு வரும்போது பளபளவென்றுதான் இருக்கும்.

இது நம் காலத்துப் பேராசை என்று நினைக்க வேண்டாம். வீட்டுத் தொட்டி மோகம் தொடங்கிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853இல் மீன் காட்சியகம் திறந்தது. அதில் முக்கியப் பங்காற்றியவர் பிலிப் ஹென்றி காஸ். மறு ஆண்டு அவர் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தை எழுதினார். பக்தியும் அறிவியல் பசியும் கொண்ட மனிதர், கடற்கரைக் குட்டைகளைக் கோவிலைப் போல நேசித்தவர். அவரைப் படித்து மயங்கிய ஆயிரக்கணக்கானோர் வாளியும் உளியுமாக இங்கிலாந்துக் கடற்கரைகளுக்குக் கிளம்பினார்கள். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய 'ஃபாதர் அண்ட் சன்' நூலில், தான் சிறுவயதில் பார்த்த பாறைக் குட்டைகள் இப்போது இல்லை, சேகரிப்பவர்கள் சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்கிறார். தன் புத்தகங்களே அதற்குக் காரணமாகிவிட்டதை அப்பா உணர்ந்து வருந்தினார் என்றும் எழுதுகிறார். என்னை உறுத்துவது இதுதான். அந்தக் கடற்கரையை அழித்தவர்கள் அதை வெறுத்தவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு வாளி அழகை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்.

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "டேய், நீ மத்தியானம் கெம்போங் மீன் பொரியல் சாப்பிட்ட. உன் கம்பெனி நிக்குறதே கடலைத் தூத்த மண்ணுல. அந்தப் பக்கம் சிங்கப்பூர்ல நிலம் மீட்புலயே பாதிக்கு மேல பவளப்பாறை போயிடுச்சு. நீ ரெண்டு மீன் வாங்குறதுக்கு ஏன்டா இவ்ளோ யோசிக்கிற?"

நல்ல கேள்வி. கோட்டைத் தள்ளிக்கொண்டே போனால் அது பூமியைச் சுற்றி நிற்கும். அப்போது எல்லாவற்றுக்கும் எல்லோரும் காரணம், அதாவது யாரும் காரணம் இல்லை. கோட்டைக் கண்ணாடியில் போடுவது ஒருவகைத் தப்பித்தல் என்றால், அடிவானத்தில் போடுவது இன்னொரு வகைத் தப்பித்தல். பொறியியலில் யாரும் பிரபஞ்சத்தைச் சுற்றிக் கோடு போடுவதில்லை. அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

நான் வந்து நின்ற இடம் இது: என் முடிவு மாறினால் எதுவரை நிலைமை மாறுமோ, கோடு அதுவரை போக வேண்டும். நிலம் மீட்பை என் தொட்டி நிறுத்தாது. ஆனால் நான் எந்த மீனைக் கேட்கிறேன் என்பது கடைக்காரர் அடுத்த முறை எதை வரவழைக்கிறார் என்பதைத் தொடுகிறது. அது இறக்குமதியாளரை, அவர் வழியாக ஒரு தீவில் வலையோடோ பாட்டிலோடோ மூழ்குகிறவரைத் தொடுகிறது. அந்தச் சங்கிலியில் என் கை இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டைக் காட்டி அந்தக் கையை மறைக்க முடியாது. கெம்போங் மீனுக்கும் ஒருநாள் நான் பதில் சொல்ல வேண்டும், அது வேறு கட்டுரை.

இந்தக் கோட்டை வைத்துத் திட்டத்தை மறுபடி பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. உள்ளே இருக்கும் மீனுக்குப் பெரிய தொட்டிதான் நல்லது. தண்ணீர் அதிகம் என்றால் உப்பும் வெப்பமும் சட்டென்று மாறாது. ஆனால் வெளியே இருக்கும் உலகத்துக்குச் சிறிய தொட்டிதான் நல்லது. ஐந்தடித் தொட்டிக்குச் சில்லர், பம்ப், விளக்கு எல்லாம் சேர்த்து என் கணக்கில் சராசரியாக 400 வாட், மாதம் 290 யூனிட்டுக்குக் கிட்ட. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும். கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்ததால் 2010இல் தியோமான், ரெடாங் பக்கம் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றைச் சில மாதங்கள் மூடினார்கள். ஒரு துண்டுக் கடலை 26 டிகிரியில் வைக்க, நிஜக் கடலின் பக்கம் கொஞ்சம் வெப்பத்தைத் தள்ளிவிடுகிறேன். அளவு ரொம்பச் சின்னது. ஆளுக்கு ஒரு வாளி என்ற அளவும் சின்னதுதான்.

இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடக்க முடியாது. ஆனால் ஐந்தடி ஏன் தேவைப்பட்டது என்று கேட்க முடியும். நீல டாங் மீனுக்காக. அது நாள் முழுக்க நீந்தும் மீன், அதற்கு ஐந்தடியே குறைவு. 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதை முதல்முறையாக முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள் என்றாலும், சந்தைக்கு வருவது பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான். டாங் ஆசையை எடுத்துவிட்டால் மூன்றடி போதும். 190 லிட்டர், மூன்றில் ஒரு பங்கு. பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி கோமாளி மீன். பிற ஆர்வலர்கள் தங்கள் தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுக்கும் பவளத் துண்டுகள். துப்புரவு மீன் கிடையாது: ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் எட்டரை ஆண்டுகள் சில பாறைத்திட்டுகளிலிருந்து அந்த மீனை மட்டும் நீக்கிப் பார்த்தபோது, மற்ற மீன்களின் எண்ணிக்கையும் வகையும் குறைந்தன. அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

காலத்திலும் ஒரு கோடு உண்டு என்பதைச் சுட்டியது அம்மா. கோமாளி மீன் தொட்டியில் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த பதிவுகள் உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "அப்ப நீ இருபது வருஷம் இந்த வீட்லயே இருப்பியாப்பா?" என்றார். என் வேலை ஒப்பந்தம் இரண்டு வருஷம். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், ஒரு ராத்திரியில் பிராணவாயு தீரும். கடலின் வேலையை ஏற்றுக்கொண்டவனுக்கு லீவு கிடையாது. மீனைத் திரும்பக் கடலில் விடவும் கூடாது. தொட்டியில் வளர்ந்தது என்ன நோயைக் கொண்டுபோகும் என்று தெரியாது.

தொட்டி இன்னும் வரவில்லை. எக்செல் தாளில் நீளம் 60 அங்குலத்திலிருந்து 36 ஆகியிருக்கிறது. செலவு வரிசைக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: நான் இல்லாதபோது யார்? அதற்கு நேரே இருக்கும் கட்டம் காலியாக இருக்கிறது. சிரித்த அந்த நண்பனிடமே கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் எழுதும்வரை கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கப் போவதில்லை.