உயிர் வந்த நாள்

புணே ராஸ்தா பேட் வீட்டில் மருமகளுக்கு நாள் தள்ளிப்போனது. கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு. உயிர் எப்போது வந்தது? கருக்குழாயில் முட்டையும் விந்தணுவும் சேர்ந்தபோதா, 6 முதல் 10 நாளில் கருப்பையில் பதிந்தபோதா? பதிந்த பிறகு சுரக்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனைத்தான் அந்தக் கோடு காட்டுகிறது; மசக்கை பிறகு வரும். டாக்டரோ கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறார். கருவே இல்லாத இரண்டு வாரமும் (வேடிக்கைதான்) கர்ப்பக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

"ஸ்கேன்ல துடிப்பு தெரியட்டும் அத்தை, அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்கிறாள் அவள். கர்ப்ப உபநிடதமோ ஏழாம் மாதத்தில்தான் ஜீவன் சேர்கிறது என்கிறது. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் முதல் மாதம் தொட்டே, கரு மாதாமாதம் தப்பிப் பிழைத்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். சேர்ந்த நாளைத் தேடுவதைவிடத் தப்பிய மாதங்களை எண்ணுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.