ஓதுதலும் உணர்தலும்

ஒரு நூலை வாசித்து முடித்தல் வேறு; அதனை விளங்கிக்கொள்ளுதல் வேறு. கண் வரிகளைக் கடந்துவிடும், மனம் பின்தங்கி நிற்கும். அவ்வேளையில் "நூல் கடினமானது" என்று நூலின்மேற் பழி போடுவதே பலரது வழக்கம். குறை நூலிலா, வாசிப்பவரின் அவசரத்திலா என்பது சிந்திக்கத்தக்கது.

இதற்குச் சான்று உ. வே. சாமிநாதையரின் வாழ்விலே உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் புராணங்களும் பிரபந்தங்களும் பாடங்கேட்டவர் அவர். கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்த அவரிடம், சீவகசிந்தாமணியைப் பாடஞ்சொல்லுமாறு 1880 ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டார். நூலிலே பல இடங்கள் ஐயருக்கு விளங்கவில்லை. பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவர் விளங்கியதுபோல எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஐயரோ விளங்காததை விளங்காதது என்றே கொண்டார். நச்சினார்க்கினியர் உரையைத் திரும்பத் திரும்பப் படித்தார். சமணசமயக் கொள்கைகளை அறியும்பொருட்டு அவ்வூர்ச் சமணர்களைத் தேடிச்சென்று கேட்டார். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கினார். 1887 இலேதான் நூல் அச்சேறியது. அவரைப் பெரும் அறிஞராக்கியது முன்பு படித்தவற்றின் தொகையன்று. விளங்காத நூலின் முன் பொறுமையோடு இருந்த அந்த ஏழாண்டு உழைப்பேயாகும்.

அறியாததை அறிந்ததாகக் காட்டுவது பிறரை ஏமாற்றுவது மட்டுமன்று, தன்னையும் ஏமாற்றுவதாகும். ஆகவே விளங்கி வாசித்தல் அறிவின் பாற்பட்டது மட்டுமன்று, வாய்மையின் பாற்பட்டதுமாம்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நிகழும் புராணபடனமும் இதையே கற்பிக்கின்றது. கந்தபுராணம் 10,000 செய்யுள்களுக்கு மேற்பட்டது. ஆயினும் அங்கே அவசரமில்லை. ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். பொருள் சொல்லாது செய்யுளைத் தள்ளிச்செல்லுதல் அங்கே வழக்கமன்று. அதற்காக இருவரும் முன்னரே ஏட்டோடிருந்து பயிலவேண்டும்.

வீட்டிலும் இம்முறை கைகூடும். செய்யுளைச் சந்தி பிரித்து வாசிக்கலாம். எழுவாய் எது, பயனிலை எது என்று தேடலாம். தெரியாத சொல்லைக் குறித்துவைத்து அகராதியிலோ அறிந்தவரிடமோ கேட்கலாம். பின் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொற்களிலே சொல்லிப் பார்க்கலாம். சொல்ல வராவிடின் இன்னும் விளங்கவில்லை என்பதே பொருள். மறுநாள் மீண்டும் அதனிடம் செல்லவேண்டியதுதான்.

பரிசுக்காகத் தேவாரம் மனனஞ்செய்யும் பிள்ளைகளுக்கு இது மிகவும் வேண்டியது. மனனம் வீணன்று, அது நெல்லைச் சேர்த்து வைப்பது போன்றது. ஆனால் குற்றிச் சோறாக்கினாலன்றிப் பசி தீராது. நாளுக்கு ஒரு பாடலேனும் பிள்ளையோடு அமர்ந்து பொருள் தேடுதல் பெற்றோர் கடனாகும்.