கேட்காத குரல்

எவர் காதிலும் விழாத நேர்ச்சை ஒருவரைக் கட்டுப்படுத்துமா? பண்டைய எபிரேயரின் வேதத்தைப் புரட்டும் போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

சீலோ ஆலயத்தில் பிள்ளையில்லாத அன்னாள் அழுது மன்றாடினாள். உதடுகள் அசைந்தன; குரல் எழவில்லை. அவள் குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியர் ஏலி எண்ணினார். மகன் பிறந்தால் இறைவனுக்கே தருவதாக அவள் நேர்ந்தது அங்கே எவருக்கும் கேட்கவில்லை. நழுவியிருக்கலாம். ஆனால், பால்குடி மறந்ததும் சாமுவேலைக் கொண்டுபோய் ஒப்படைத்தாள்.

யெப்தா போருக்கு முன் நேர்ந்தான்: வென்று திரும்பினால், வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக. வந்தவள் அவனது ஒரே மகள்.

இரண்டிலும் பிள்ளைகளே விலையானார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அன்னாள், தான் எதை இழக்கிறாள் என்று அறிந்தே நேர்ந்தாள். ஆண்டுதோறும் மகனுக்குச் சிறு அங்கி தைத்துக் கொண்டுபோனாள். யெப்தாவோ எதைக் கொடுக்கிறோம் என்றறியாமல் வாய்விட்டான். அந்த நேர்ச்சையிலிருந்து விடுபட வழிதேடாததற்காகப் பிற்கால யூத அறிஞர்கள் அவனைக் கண்டித்தனர். அன்னாளின் ஓசையற்ற மன்றாட்டையோ தொழுகைக்கு முன்மாதிரியாகக் கொண்டனர்.

இறைவன் முன் சொற்கள் சிலவாகட்டும், நேர்ந்து நிறைவேற்றாதிருப்பதைவிட நேராதிருப்பதே மேல் என்கிறது பிரசங்கி நூல். இம்ரானின் மனைவியின் நேர்ச்சையையும், மர்யம் (அலை) அவர்களின் பேசா நோன்பையும் அறிந்த நமக்கு இது அந்நியமல்ல.

நேர்ச்சையைக் கட்டுவது சாட்சியல்ல, அறிந்து கொடுக்கும் மனம். அந்த அறிவு வரும்வரை வாயடக்குவதும் வணக்கம்தான் என்பேன்.