ஊழும் ஓம்பாமையும்

இன்பதுன்பங்கள் உயிர்கள் முன்செய்த வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்பெறுவன என்பது சைவ சித்தாந்தத் துணிபு. இத்துணிபைத் துணையாகக் கொண்டு, தம் சோம்பலாலோ பொருளாசையாலோ பிறர் துன்பத்துக்கு ஏதுவாயினார், 'அஃது அவர் வினை. எம்மால் ஆவது என்னை?' என்று ஒதுங்குதல் கூடுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. இதனை வெறுஞ் சொல்லளவில் ஆராய்தலினும், இக்காலத்து நீதிமன்றங்களிற் பலகாலும் எழும் வழக்கொன்றனை முன்வைத்து ஆராய்தல் பயனுடைத்தாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தம்மைத் தாமே பேணிக்கொள்ளும் ஆற்றலிழந்த முதியோர் பலர் பராமரிப்பு இல்லங்களில் வைகுகின்றனர். அவர்க்கு நேருங் கேடுகளுட் கொடியதொன்று 'செப்சிஸ்' என மருத்துவர் வழங்குவது. நுரையீரலிலோ சிறுநீர்ப்பாதையிலோ தோலிலோ நோய்க்கிருமி புகுந்தவிடத்து, அதனை எதிர்க்க எழுந்த உடலின் ஆற்றலே நிலைதிரிந்து, உடலின் உறுப்புக்களை அழிக்கத் தொடங்குதல் அதன் இயல்பு. நெடுநாட் படுக்கையிற் கிடப்பாரைப் பக்கம் மாற்றிக் கிடத்தாதுவிடின், எலும்பு புடைத்த இடங்களில் அழுத்தத்தாற் குருதியோட்டந் தடைப்பட்டுத் தசை அழுகிப் படுக்கைப்புண்ணாம். அப்புண் எலும்பளவும் ஆழ்ந்து கிருமிக்கு வாயிலாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுதல், ஈரந் துடைத்தல், உண்பித்தல், நீர் பருகுவித்தல், சிறுநீர்க்குழாயைத் தூய்மையாக வைத்தல் என்று வழிவழி வந்த எளிய தொண்டுகளே இதற்குப் பெருங் காப்பாவன. முதியோர்க்குக் காய்ச்சல் தோன்றாமலே இந்நோய் முற்றுதலும் உண்டு. அறிவு மயங்குதலும் மூச்சு விரைதலுமே முதற்குறியாக நிற்கும். 'முதுமைத் தளர்ச்சி' என்று அக்குறியைப் பாராதுவிடின், சில மணி நேரத் தாழ்ப்பும் உயிர்க்கு இறுதியாய் முடிதல் கூடும். ஆதலின், இந்நோயைத் தடுப்பதற்கு மருந்தினும் முற்பட வேண்டுவன பார்க்குங் கண்ணும் தொடுங் கையுமே என்க.

இவ்வில்லங்களில் வாழ்வார்க்குரிய உரிமைகளை வகுத்து அந்நாட்டுக் காங்கிரசு சபை 1987இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்வழி நடைபெறும் விதியொன்று, புண்ணின்றி இல்லம் புகுந்தவர்க்கு, அவரது உடல்நிலையால் தவிர்க்கவொண்ணாதது என்று காட்டப்பட்டாலன்றிப் படுக்கைப்புண் உண்டாதல் ஆகாது என்கின்றது. அச்சட்டந் தந்த உரிமைகள் சிலவற்றை மீறியதற்காக அரசுடைமையான இல்லத்தின்மேல் வழக்குத் தொடுத்தல் கூடும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இற் றீர்ப்பளித்தது. கவனமின்மையால் மரணம் விளைந்தது என்று வழக்கிடுவார், பேணுங் கடமை இருந்ததும், அது தவறியதும், அத்தவற்றால் கேடு விளைந்ததும் மெய்ப்பித்தல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதன்கண்ணே எதிர்வழக்காடுவார் பெரிதும் நின்று, 'முதுமையும் பழநோயுமே இவரைக் கொன்றன. எவர் பேணினும் இவர் இறந்தேயிருப்பார்' என்பர். சமயம் பேசுவார் வாயில் 'ஊழ்' என வரும் சொல்லே மன்றத்தில் 'தவிர்க்கவொண்ணாமை' என்னும் வேடம் பூண்டு வருகின்றது.

அச்சொல் ஒருதலையாகப் பொய்யென்று தள்ளற்பாலதன்று. செவ்வனே பேணியவிடத்தும் சிலர்க்குப் புண் உண்டாகும். உயிர் நீங்கும் நாள் அணுகியவழித் தோலும் தன் தொழில் ஒழியும். அதுபற்றியே நீதிமன்றம், பக்கம் மாற்றிய நேரமும், புண்ணின் அளவும், மருத்துவரை அழைத்த பொழுதும் குறித்த ஏடுகளை வரவழைத்து ஆராய்கின்றது. முழுதும் பேணியவர் சொல்லத்தக்க விடையைப் பேணாதவர் கவர்ந்துகொள்ளுதலே ஈண்டுக் குற்றமாவது.

இனிச் சித்தாந்தம் கூறும் விடை யாதெனின், வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். பிராரத்தமாகிய நுகர்வினை உயிர்கள் வாயிலாகவும், பூதங்கள் வாயிலாகவும், தெய்வத்தின் வாயிலாகவும் வந்து பொருந்தும். பிறிதோர் உயிர் வாயிலாக வருங்கால், துன்புற்றவர்க்கு அது பழவினை கழிதல். துன்புறுத்தியவர்க்கோ புதுவினை ஏறுதல். ஒரு நிகழ்ச்சியே இருவர்மாட்டு இருவேறு கணக்காய் நிற்றலின், அவர் கணக்கைக் காட்டி இவர் தம் கணக்கைத் தீர்த்தல் யாங்ஙனம்?

அன்றியும், ஓருயிரின் நுகர்வினை இத்துணைத்து என்று அறிவான் முற்றுணர்வுடைய இறைவன் ஒருவனே. நோயாளியின் வினைப்பயன் நோயோடு முடிவதோ, அன்றி ஒருவர் கையால் நலமுறுதலும் அதன்கண் அடங்கியதோ என்பதைப் பேணுவார் அறியார். 'இவர் இறக்கவேண்டியவர்' என்பது இறந்தபின் சொல்லப்படுவது. நள்ளிரவில் அவர் தண்ணீர் வேண்டி அழைத்தபோது அஃது எவர்க்கும் தெரிந்ததன்று. தெரியாத ஒன்றைக் காரணமாகக் காட்டித் தெரிந்த கடமையை விடுதல் அறிவுடைமையாகாது.

உலகியல் நீதியும் இதற்கு இயையவே நிற்கின்றது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துப் பள்ளியொன்றில் ஒரு சிறுவன் மற்றொருவன் காலை மெல்ல உதைத்தான். அக்கால் முன்னரே புண்பட்டிருந்தமையால் சீழ்கொண்டு பயனற்றுப்போயிற்று. தீங்கு செய்தான், விளைவை முன்னறியானாயினும், அது முழுதுக்கும் பொறுப்பாவான் என்று அம்மாநில நீதிமன்றம் 1891இல் மொழிந்தது. முன்னைப் புண் பின்னை உதைக்கு அரண் ஆகாதவாறு போல, முன்னை வினையும் பின்னைப் புறக்கணிப்புக்கு அரணாகாது.

நாயன்மார் வரலாறும் இதனையே வலியுறுத்தும். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்காய்ச்சல் பற்றியபோது, திருஞானசம்பந்தப் பிள்ளையார், அஃது அந்நிலத்தின் இயல்பேயெனினும் அடியாரை அணுகலாகாதெனத் திருவுளங்கொண்டு, திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அதனை நீக்கினார். வினையென்று சொல்லி வாளாவிருத்தலைக் கடிவதே அப்பதிகத்தின் உள்ளக்கிடை. திலகவதியார்க்கோ, தம்பியாரைச் சூலை தந்து ஆட்கொள்வோம் என்று இறைவனே கனவில் உணர்த்தினான். நோயின் காரணத்தை ஐயமற அறிந்தவர் அவர் ஒருவரே எனலாம். அறிந்திருந்தும், தம் அடியில் வந்து வீழ்ந்த தம்பியாரை 'இஃது இறைவன் செயல். கிடக்க' என்று விட்டாரல்லர். திருநீறு அளித்துத் திருவதிகை வீரட்டானத் திருக்கோயிலுக்கு உடன்கொண்டு புகுந்தார். காரணம் அறிந்தவரே கைவிடாராயின், அறியாதார் கைவிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், செய்யாமை வினையாமோ எனின், ஆம். வினை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது. கை வாளாவிருப்பினும், 'போகட்டும்' என்று துணிந்த மனம் தொழில்செய்ததேயாம். ஒரு பணிப்பெண்ணைப் பலர்க்குத் துணையாக விடுத்து, அவள் ஓடியும் எட்டாது வருந்த, செலவைக் குறைத்து ஊதியம் பெருக்கிய உடைமையாளன் படுக்கையருகே ஒருநாளும் நின்றிலன் ஆயினும், அப்புண்ணின் வினையிற் பெரும்பங்கு அவனுடையதே. முயன்று மாட்டாதாளும் முயலாதானும் வினைக்கணக்கில் ஒப்பாகார்.

இனி, இறந்தார்பொருட்டு உறவினர் வழக்கிடுதல் சினமும் பொருளாசையுமன்றோ எனின், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் இரண்டாஞ் சூத்திரத்தில், அரசன் தீயோரை ஒறுத்தலும் ஈசன் அருள்வழிப்பட்டதே என்றும், அவ்வொறுப்பால் அவர் திருந்தித் தூயராவர் என்றும் விளக்கினார். பெற்றோர் மகவை அடித்தலும் பரிவேயாதல் போல, நீதிமன்றத்தின் ஒறுப்பும் மறக்கருணையின்பாற் படும். இழப்பீடு இறந்தாரை மீட்பதன்று. அடுத்த படுக்கையிற் கிடப்பாரைக் காப்பதற்கு அஃது உதவுமாயின் அறமேயாம். ஆயினும், ஆண்டுக்கணக்காகத் தாயின் படுக்கையை எட்டிப்பாராத மகன், அவள் இறந்தபின் வழக்கிட்டுப் பொருள் பெறுவானாயின், மன்றம் அவனை வினவாது விடினும் வினை வினவாது விடாது.

ஆதலின், நோயுற்றார் தம் துன்பத்தை வினைப்பயனென்று பொறுத்தல் சிவஞானத்துக்கு ஏது. பேணக் கடமைப்பட்டார் அதே சொல்லைக் கூறிப் பொறுத்திருத்தல் பாவத்துக்கு ஏது. ஊழ் என்பது தன்னை நோக்கிச் சொல்லுதற்குரிய சொல். பிறர் படுக்கையருகே நிற்பார்க்கு உரியது தொண்டு ஒன்றேயாம்.

திருச்சிற்றம்பலம்.