மூடிய அறையும் மருத்துவ அறமும்

மருத்துவரின் தவற்றை நுணுகி மதிப்பிட வல்லவர் மற்றொரு மருத்துவரே. அதனை வெளியிடப் பெரிதும் தயங்குபவரும் அவரே. சகமருத்துவர் மீளாய்வு பற்றிய அறவினா இம்முரண்பாட்டிலேயே பிறக்கின்றது.

இலங்கையர் நன்கறிந்த வழக்கொன்றை ஈண்டு நோக்கலாம். 1992இல் மூளைத்தண்டுக் கட்டியால் குழந்தையொன்று இறந்தது. நோயை உரியவாறு கண்டறியாமை கவனயீனம் எனத் தந்தை வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா இழப்பீடு விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றமோ, கவனயீனம் இருந்ததெனக் கொண்டும், மரணத்துக்கு அதுவே காரணமென நிறுவப்படவில்லை எனத் தீர்த்து, இழப்பீட்டை மறுத்தது. சட்டத்தின் அளவையில் இது பொருந்தும். ஆயின், அடுத்த குழந்தையைக் காப்பது எவ்வாறு என்பது நீதிமன்றத்தின் வினா அன்று. மருத்துவத்துறை தன்னைத் தானே கேட்கவேண்டிய வினா.

அவ்வாறு கேட்ட மரபும் இந்நாட்டில் உண்டு. 1980கள் முதல் மகப்பேற்றோடு தொடர்புடைய தாய் மரணங்கள் அறிவிக்கப்பட்டு, ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன. ஆபத்து எப்போது உணரப்பட்டது, குருதி எப்போது கிடைத்தது, மூத்த மருத்துவர் எப்போது அழைக்கப்பட்டார் என்பனவே அங்கு எழும் வினாக்கள். எவரைத் தண்டிப்பது என்பதன்று. 1940களின் தொடக்கத்தில் ஓரிலட்சம் பிறப்புக்களுக்கு ஆயிரத்தைக் கடந்திருந்த தாய் மரணம், 2010களில் நாற்பதுக்குக் கீழ் நின்றது. மருத்துவிச்சியர் சேவையும் இலவச மருத்துவமும் இதற்குப் பெருங்காரணங்கள். பிற்காலத்தில் மீளாய்வும் துணைநின்றது.

பெயரை மறைப்பது தவறிழைத்தவரைக் காப்பதாகாதா? அச்சம் நிலவும் அறையில் உண்மை வாய் திறவாது. எனவே அம்மறைப்பு ஓரளவு வேண்டற்பாலதே. ஆயினும் அது மருத்துவருக்கு உரித்தான சலுகையன்று. உண்மையைப் பெறுவதற்காகச் சமூகம் வழங்கிய கடன். கடன் திருப்பிச் செலுத்தப்படல் வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தாயை இழந்த குடும்பம், நிகழ்ந்தது யாதென வினவும்போது, 'மீளாய்வு நடைபெற்றது' என்பது விடையாகாது. பெயர் மறைக்கப்படலாம், நிகழ்ச்சி மறைக்கப்படலாகாது. வேண்டுமென்றே கடமை தவறியவருக்கோ பெயர் மறைப்பும் உரியதன்று.

மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனை அடுத்து வைத்தார். மருத்துவர் மட்டும் கூடும் அறையில் அம்முதற்கூறு இல்லை. அவ்வறையில் அறிந்த உண்மையை நோயாளியின் வீட்டு வாயில்வரை கொண்டு சென்றாலன்றி மீளாய்வு நிறைவெய்தாது.