குறை கொம்பிலா, ஊதுபவனிடத்திலா?

ஒருவன் ஊதிய சுரம் பிசகிற்று. பிசகு அவன் உதட்டில் உளதா, அவன் கையிலுள்ள வாத்தியத்தில் உளதா? இதனை ஆராயாமல், ‘இவனுக்கு இசை வராது’ என்று தீர்ப்புக் கூறுதல் எளிது. அத்தீர்ப்பு நீதியாகுமா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா.

திருவனந்தபுரத்திலுள்ள நம் அன்பர்கள் இருவகைக் கொம்புகளைக் கேட்டிருப்பர். ஒன்று, பஞ்சவாத்தியத்தில் திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம் ஆகியவற்றோடு முழங்கும் கேரளத்துக் கொம்பு. அதற்குத் துளையும் இல்லை, வால்வும் இல்லை. மூச்சும் உதடும் எழுப்பும் சுரங்களே அதன் செல்வம். மற்றொன்று, மேனாட்டு இசைக்குழுக்களில் இடம்பெறும் பிரெஞ்சு ஹார்ன். இதுவும் முதலில் வால்வற்ற வெறுங்கொம்பாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வாசிப்போர், அணசு போன்று விரிந்த அதன் வாயினுள் கையைச் செலுத்தி, அடைத்தும் திறந்தும் விடுபட்ட சுரங்களை வருவித்தனர். 1818ஆம் ஆண்டில் ஸ்டோல்செல், ப்ளூமெல் என்னும் இருவர் பிரஷ்ய நாட்டில் வால்வுக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். அதன் பின்னரே எல்லாச் சுரங்களும் விரலுக்கு எளிதாயின.

இக்கொம்பின் சுருளை நீட்டினால், எஃப் சுருதிக் குழல் ஏறத்தாழ 12 அடி வரும். இத்துணை நீண்ட குழலில் மேல் தாயிச் சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. உதடு இம்மியளவு தளரினும் பக்கத்துச் சுரம் ஒலித்துவிடும். ஆதலின், பிசகு நேர்ந்தவுடன் உதட்டையே பழிப்பது வழக்கமாயிற்று. பழங்கொம்பின் குறைகள் இவ்வழக்கத்தின் நிழலில் மறைந்துகொள்கின்றன.

அக்குறைகள் யாவை? சுழலும் வால்வு பல்லாண்டுகள் உராய்ந்து தேய, அதற்கும் அதன் உறைக்கும் இடையே காற்று கசிகிறது. வால்வு வந்து முட்டும் தக்கை நசுங்கிப்போக, அது நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல் குழலின் வழியைச் சிறிது மறைக்கிறது. ஊதுவாயைச் செருகும் முதற்குழலில் எச்சிலின் ஈரம் நாளடைவில் பித்தளையை அரித்துச் செந்நிறப் புள்ளிகளை உண்டாக்குகிறது. கடற்காற்று வீசும் ஊரில் கருவியைத் துடைத்து வையாவிடின் கேடு விரையும். இவை யாவும் ஊதுபவனின் பாவங்கள் அல்ல. எனினும் இவற்றுக்கெல்லாம் அவனே தன் மூச்சால் ஈடு கட்டுகிறான்.

கசிவை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வால்வை அழுத்தாமல் அதற்குரிய சறுக்குக் குழலை வெளியே இழுத்துவிட்டுப் பின்னர் வால்வை அழுத்துக. ‘டப்’ என்னும் ஒலி எழுந்தால் காற்று உள்ளே காக்கப்பட்டிருந்தது என்க. ஒலி எழாவிடின் கசிவு உண்டென ஐயுறுக. செப்பனிடுதற்கும் முறை உண்டு. முதலில் உட்புறக் கழுவலும் எண்ணெயும்; அடுத்துப் புதுத் தக்கையும் கயிறும்; இவை சிறு செலவினவே. அதன் பின்னும் கசிவிருப்பின், தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு வால்வுக்கு உலோகப் பூச்சிட்டு உறையோடு பொருந்தத் தேய்த்தல் வேண்டும். முதற்குழலை மாற்றுவது அதற்கும் அப்பாற்பட்டது; அது கொம்பின் இயல்பையே மாற்றவல்லது.

இனி, அறத்தின் வினாவுக்கு வருவோம். குழுக்களில் நல்ல கருவி மூத்தோருக்கும், தேய்ந்த கருவி புதிதாய்ச் சேர்ந்தவனுக்கும் செல்வது உலக வழக்கு. கற்கத் தொடங்குபவனுக்கே நல்ல கருவி மிகுதியும் வேண்டும். அவனுக்கே அது கிட்டுவதில்லை. ஓட்டைக் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் பிறப்பிலும் அறிவிலும் குறை காண்பது இசைமேடையோடு நிற்பதோ? பள்ளியிலும் பணியிலும் இத்தீர்ப்பைக் கேட்டுத் தலைகுனிந்த குடும்பங்கள் நம்மிடை எத்தனை! கருவியைச் சோதியாமல் மனிதனைச் சோதித்தவன் நீதிபதியல்லன். குறையை மறைத்தவனுக்கு உடந்தையாவான்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. சோதனையில் கருவி தேறிய பின்னரும் அதனையே பழிப்பவன், பயிற்சியின் உழைப்பினின்றும் ஓடுகிறான். இன்று ஊதுவாய், நாளை முதற்குழல், மறுநாள் பூச்சு என மாற்றிக்கொண்டே இருப்பது திருத்தம் அன்று, வேட்கை. மெய்யான முன்னேற்றத்திலும் ஓர் இழப்பு இருக்கலாம் என்பதையும் உணர்தல் நலம். வால்வுக் கொம்பு பரவிவிட்ட 1865ஆம் ஆண்டிலும், பிராம்ஸ் தம் கொம்பு மூவிசையை வால்வற்ற கொம்புக்கென்றே இயற்றினார்.

எல்லை எது? சம்யுத்த நிகாயத்தில் பகவன் கூறிய ஆனக முரசின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. தசாரகர்கள் அம்முரசு பிளக்குந்தோறும் ஓர் ஆணியை இறுக்கினர். இறுதியில் முரசின் பழைய உடல் மறைந்து ஆணிகளின் தொகுதியே எஞ்சிற்று. ஆழ்ந்த உபதேசம் மறைந்து அலங்காரப் பேச்சு எஞ்சுவதை உணர்த்தவே பகவன் அதனைக் கூறினார். செப்பனிடுவோர்க்கும் அதில் பாடம் உண்டு. ஆணி அடித்தல் குற்றமன்று. எதற்காக அடிக்கிறோம் என்பதை மறத்தலே குற்றம். மூச்சுக்கும் ஒலிக்கும் இடையே நிற்கும் தடையை நீக்குவது திருத்தம். அத்தடை நீங்கிய பின் எஞ்சும் பிசகு மட்டுமே ஊதுபவனுடையது. அதனைத் திருத்திக்கொள்ளும் கடமையும் அவனுடையதே.

எனவே, பழங்கொம்பு ஒன்று இளைஞன் ஒருவன் கைக்கு வருமாயின், முதல் நாளிலேயே வால்வைச் சோதியுங்கள், தக்கையை மாற்றுங்கள். அதன் பின்னர் அவன் ஊதட்டும். தீர்ப்புக்கு அப்போதுதான் வேளை வரும்.